விடியும்வரை ஆடியவர்கள்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் மான்செஸ்டர் நகரத்து ஹசியெண்டா நடனக் கிளப்பைப் பற்றி நான்கே வரி எழுதியிருந்தேன். 1982இல் திறந்து 1997இல் மூடிய இடம், பிறகு இடித்து அதே பெயரில் அடுக்குமாடி வீடு கட்டிவிட்டார்கள் என்று. அந்த நான்கு வரிக்குத்தான் இந்த மாதம் அதிகக் கடிதம். ஐம்பது தாண்டியவர்களும் இருபதைத் தொடாதவர்களும் ஒரே விஷயத்துக்காக எழுதியது இந்தப் பகுதியில் இதுதான் முதல் தடவை. அதனால் இடம் முழுவதையும் அவர்களுக்கே கொடுத்துவிட்டேன். விசா பற்றியும் தோட்டம் பற்றியும் கேட்டவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

*

கேள்வி: அண்ணை, 1989இல் எனக்குப் பதினேழு வயது. வீட்டில் சொல்லாமல் நண்பனின் காரில் ஏறி, விடிய விடிய ஆடுகிற ரேவ் நடனக் கூட்டத்துக்குப் போனவன் நான். போன மாதம், அந்தக் காலத்துப் பாட்டுகளை மட்டுமே போடுகிற நிகழ்ச்சி ஒன்றுக்குப் போனேன். எல்லாப் பாட்டும் இருந்தது, அந்த உணர்வு மட்டும் வரவில்லை. ‘அப்பா, உங்கள் காலம் முடிந்துவிட்டது’ என்கிறாள் மகள். அப்போது இருந்தது இப்போது எங்கே போனது?
— ஹாரோ வாசகர்

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். அந்தக் கோடையில் நீங்கள் என் முன்னாலேயே வந்து நின்றிருக்கலாம்.

நான் 1988 நவம்பரில் இருபத்திரண்டு வயதில் இங்கே வந்தேன். ஆறு மாதம் கழித்து வேலை செய்ய அனுமதி கிடைத்தது. எசெக்ஸ் பக்கம், எம்25 நெடுஞ்சாலையிலிருந்து ஐந்து நிமிடத் தூரத்தில் ஒரு பெற்றோல் நிலையம். இரவு பத்திலிருந்து காலை ஆறுவரை வேலை. பதினொரு மணிக்குக் கதவைப் பூட்டிவிட வேண்டும். அதற்குப் பிறகு கண்ணாடிக்குக் கீழே இருக்கும் தட்டு வழியாகத்தான் காசும் சாமானும் கைமாறும். அப்படிக் கண்ணாடிக்குப் பின்னால் எத்தனை தமிழ்ப் பெடியன்களின் இருபது வயது கழிந்தது என்பதை இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

எம்25 லண்டனைச் சுற்றி 117 மைல். முழு வளையமாகத் திறந்தது 1986இல். மூன்று வருடத்தில் அந்த வளையம் ரேவுக்காரர்களின் சாலை ஆகிவிட்டது. கையில் கொடுக்கிற நோட்டீஸில் இடம் போட்டிருக்காது, ஒரு தொலைபேசி எண் மட்டும் இருக்கும். இரவில் அந்த எண்ணை அழைத்தால் பதிவு செய்த குரல் ஒன்று எங்கே வந்து கூட வேண்டும் என்று சொல்லும். அங்கே போய் மறுபடி அழைத்தால் அடுத்த குறிப்பு. பொலிஸுக்குத் தெரிவதற்குள் ஆயிரக்கணக்கானவர்கள் உள்ளே போய்விட வேண்டும், அதுதான் கணக்கு. அவ்வளவு பேர் கூடிவிட்டால் கலைப்பதுதான் ஆபத்து என்று பொலிஸும் பெரும்பாலும் விட்டுவிடும். அந்த ஜூனில் பெர்க்‌ஷயர் வைட் வால்ட்டம் விமானத் திடலில் சன்ரைஸ் என்ற குழு நடத்திய இரவுக்கு ஏறக்குறைய 11,000 பேர் போனார்கள்.

இதெல்லாம் பிறகு வாசித்துத் தெரிந்துகொண்டது. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: சனிக்கிழமை இரவு ஒன்றரை மணிக்கு, ஒரு கார்கூட இல்லாத இடத்துக்கு நாற்பது கார் வந்து சேரும். ஒவ்வொன்றிலும் நாலைந்து பேர். ஒருவருக்கும் பெற்றோல் வேண்டாம். எல்லாரும் மூலையில் இருக்கும் தொலைபேசிக் கூண்டைச் சுற்றி நிற்பார்கள். உள்ளே ஒருவன் காதில் ரிசீவரை அழுத்திக்கொண்டு கையைத் தூக்கி ‘சத்தம் போடாதே’ என்று சைகை காட்டுவான். பிறகு கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து ஒரு ஊர்ப் பெயரைக் கத்துவான். மூன்று நிமிடத்தில் நாற்பது காரும் போய்விடும். மழை நின்ற மாதிரி இருக்கும்.

என் கண்ணாடிக்கு வந்து வழி கேட்டவர்களும் உண்டு. எனக்கு என்ன தெரியும்? நான் அப்போது வந்த ஊரில் இருட்டில் நாலு பேர் கூடினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். 1987 ஒக்ரோபரிலிருந்து யாழ்ப்பாணத்தில் எங்களுக்கு இரவு என்றால் ஊரடங்கு. விளக்கை அணைத்துவிட்டு, நாய் குரைக்கிற திசையைக் கவனித்துக்கொண்டு படுத்திருப்பது. இங்கே என் வயதுப் பிள்ளைகள் எங்கே போகிறோம் என்றே தெரியாமல், தெரியாததற்காகவே சிரித்துக்கொண்டு இருட்டுக்குள் போனார்கள். முதல் இரண்டு வாரம் எனக்கு அது பொறுக்கவில்லை. கோபம் வந்தது. மூன்றாவது வாரம் சனிக்கிழமைக்காகக் காத்திருக்கத் தொடங்கினேன்.

காலை ஐந்து மணிக்குத் திரும்பி வருவார்கள். முழங்கால்வரை சேறு. தண்ணீர், லூக்கோசேட் பானம், சூயிங்கம், விக்ஸ் இன்ஹேலர். கடையில் விக்ஸ் தீர்ந்துபோகிற அளவுக்கு விற்கும். மஞ்சள் சிரிப்பு முகம் போட்ட சட்டையோடு ஒரு பெண் பிள்ளை மிச்சக் காசை எடுக்கத் தட்டுக்குள் கை விட்டாள். என் கை அங்கேதான் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு, இரவு முழுவதும் இங்கேதான் இருக்கிறாயா, குளிரவில்லையா என்று கேட்டாள். வெள்ளிக்கிழமைகளில் பப் மூடியதும் வருகிறவர்கள் அதே கண்ணாடியில் துப்பிவிட்டுப் போவார்கள். இந்த நாட்டுக்கு வந்து எட்டு மாதத்தில், விசாரணை அதிகாரியைத் தவிர வேறு யாரும் என் கையைத் தொட்டதில்லை. அந்த அன்பில் ஒரு பங்கு அவள் விழுங்கிய மாத்திரையுடையது என்று இப்போது தெரியும். தெரிந்த பிறகும் அந்தக் கையை நான் மறக்கத் தயாராக இல்லை.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். பாட்டு அப்படியே இருக்கிறது. 2016இலிருந்து ஹசியெண்டாவின் பழைய பாட்டுகளை ஒரு முழு ஆர்கெஸ்ட்ராவை வைத்தே மேடையில் வாசிக்கிறார்கள். நீங்கள் போன நிகழ்ச்சிக்கு ஆறு மாதம் முன்பே டிக்கெட் வாங்கியிருப்பீர்கள். கார் எங்கே நிறுத்துவது, கடைசி ரயில் எத்தனை மணிக்கு, எல்லாம் தெரிந்துதான் வீட்டை விட்டுக் கிளம்பியிருப்பீர்கள். 1989இல் உங்களுக்கு எதுவும் தெரியாது. பக்கத்துக் காரில் இருக்கிற அந்நியனுக்கும் தெரியாது. வழி தெரியாத இரண்டு பேர் ஒருவரை ஒருவர் நம்பியே ஆக வேண்டும். அந்த நம்பிக்கை வயலுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு வந்ததில்லை, தொலைபேசிக் கூண்டுக்குப் பக்கத்திலேயே தொடங்கிவிட்டது. நான் கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்த்தது அதைத்தான். அதைப் பாட்டுப் போட்டுத் திரும்பக் கூப்பிட முடியாது.

இன்னொன்றும் உண்டு. அந்த இடங்கள் ஏன் காலியாகக் கிடந்தன? லங்காஷயரின் பிளாக்பர்னில் ரேவ் நடந்த கொட்டகைகளைச் சுற்றிப் பஞ்சாலைகளும் தொழிற்சாலைகளும் மூடிக்கிடந்த காலம் அது. அப்பாமார் வேலை இழந்த கட்டடத்துக்குள் பிள்ளைகள் ஆடினார்கள். கிழக்கு லண்டன் கிடங்குகளும் அப்படித்தான். இப்போது அவையெல்லாம் நம்மால் வாங்க முடியாத வீடுகள். உங்கள் மகளுக்கு மூடிக்கிடக்கிற கட்டடம்கூடக் கிடைக்காது. ‘எங்கள் காலம் போல வருமா’ என்று அவளிடம் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்லுங்கள், தம்பி. அவள் நல்ல இடத்தைத் தேடத் தெரியாதவள் இல்லை, இடம் இல்லாமல் போன ஊரில் பிறந்தவள்.

*

கேள்வி: எங்கள் ஊர்ச் செய்தித்தாளில் ‘ரேவ் பார்ட்டி’ என்றால் பண்ணை வீட்டில் போதை, நள்ளிரவில் கைது என்றுதான் படித்திருக்கிறேன். அதை நீங்கள் புகழலாமா?
— சென்னை வாசகர்

பதில்: நியாயமான கேள்வி. போதையைப் புகழ மாட்டேன். எக்ஸ்டசி என்ற போதை மாத்திரை இல்லாமல் 1988இன் அந்த ரேவ் அலை நடந்திருக்காது என்பதையும் மறைக்க மாட்டேன். அந்த மாத்திரையால் உடம்பு கொதித்துச் செத்த பிள்ளைகளும், பயத்தில் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்துச் செத்த பிள்ளைகளும் உண்டு. அவர்களின் தாய் தகப்பனுக்கு முன்னால் எந்த ஏக்கத்தையும் நான் பேச மாட்டேன்.

ஆனால் இந்த இசை போதைக்காகப் பிறந்ததில்லை. சிக்காகோவில் ‘வேர்ஹவுஸ்’ என்று ஒரு கிளப். அங்கே பிராங்கி நக்கிள்ஸ் என்ற கறுப்பின இளைஞர் இசைத்தட்டு போடுவார். வந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர், லத்தீன் அமெரிக்கர், ஒருபாலுறவாளர். வெளியே எந்தக் கதவிலும் வரவேற்பு இல்லாதவர்கள். ‘ஹவுஸ்’ என்ற இசைப் பெயரே அந்தக் கிளப்பின் பெயரிலிருந்து வந்தது என்பார்கள். பக்கத்தில் டெட்ராய்ட் நகரத்தில் ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் என்ற மூன்று பள்ளித் தோழர்கள் டெக்னோ என்ற மின்னணு நடன இசையைச் செய்தார்கள். கார்த் தொழில் சரிந்துகொண்டிருந்த ஊர் அது.

ரோலண்ட் நிறுவனத்தின் டிபி-303 என்ற சின்ன வெள்ளிப் பெட்டியின் கதை எனக்கு மிகவும் பிடிக்கும். தனியாகப் பயிற்சி செய்யும் கிற்றார்க்காரனுக்குத் துணையாக பேஸ் வாசிக்க வேண்டும் என்று 1981இல் விற்பனைக்கு விட்டார்கள். ஓடவில்லை. 1984இல் நிறுத்திவிட்டார்கள். பழைய சாமான் கடையில் மலிவாகக் கிடந்ததை சிக்காகோப் பெடியன்கள் வாங்கி, திருகக் கூடாத மாதிரித் திருகி, முனகலும் கீச்சலுமாக ஒரு சத்தத்தைக் கண்டுபிடித்தார்கள். அதுதான் அசிட் ஹவுஸ். 1987 கோடையில் ஸ்பெயினின் இபிசா தீவுக்கு விடுமுறை போன சில லண்டன் டிஜேக்கள் அங்கே அல்பிரெடோ என்ற ஆர்ஜென்டினக்காரர் எல்லா வகை இசையையும் கலந்து திறந்த வெளியில் விடியும்வரை போடுவதைக் கேட்டார்கள். திரும்பி வந்து டேனி ராம்ப்ளிங், லண்டன் சதர்க் பக்கத்தில் ஒரு உடற்பயிற்சிக் கூடத்தில் ‘ஷூம்’ என்று தொடங்கினார். அடுத்த வருடம் அது நாடு முழுவதும் பற்றிக்கொண்டது.

உங்கள் செய்தித்தாள் பண்ணை வீட்டுக் கைதை எழுதட்டும். எங்கேயும் இடமில்லாதவர்கள் தங்களுக்கென்று ஒரு அறை உண்டாக்கிக்கொண்ட கதை அதில் வராது. அதனால்தான் நான் எழுதுகிறேன்.

*

கேள்வி: அசிட் ஹவுஸை முதலில் செய்தது ஒரு இந்தியர் என்கிறார்களே?
— கோயம்புத்தூர் வாசகர்

பதில்: சரண்ஜித் சிங். பம்பாய்த் திரைப்பட இசைக்குழுக்களில் வாசித்தவர். 1982இல் அதே டிபி-303 பெட்டியையும் டிஆர்-808 தாளப் பெட்டியையும் வைத்துப் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் பதிவு செய்தார். சிக்காகோவின் அசிட் இசைத்தட்டு வந்தது 1987இல். ஆனால் சிக்காகோக்காரர்கள் இவரைக் கேட்டுச் செய்யவில்லை. இவருடைய தட்டு அப்போது விற்கவே இல்லை, 2010இல் மறுபடி வெளியிட்ட பிறகுதான் உலகத்துக்குத் தெரிந்தது. பைரவ் ராகத்தை அதில் கேட்டுப் பாருங்கள். முதல் என்று சண்டை போடுவதைவிட அது நல்லது.

*

கேள்வி: ஜெர்மனியில் டெக்னோவை அரசாங்கமே மரபு என்று அறிவித்துவிட்டதாமே?
— டோர்ட்முண்ட் வாசகி

பதில்: ஆமாம், தங்கச்சி. 2024 மார்ச்சில் பெர்லினின் டெக்னோ கலாசாரத்தை அந்த நாட்டின் மரபுப் பட்டியலில் சேர்த்தார்கள். 1989இல் சுவர் விழுந்ததும் கிழக்குப் பக்கத்தில் ஆளில்லாத கட்டடங்கள் ஏராளம். 1991இல் திறந்த டிரெசோர் கிளப் ஒரு பழைய பேரங்காடியின் நிலவறைப் பெட்டகத்துக்குள் நடந்தது. பட்டியலில் சேர்த்தது எனக்குச் சந்தோஷம். வாடகையையும் யாராவது கட்டுப்படுத்தினால் இன்னும் சந்தோஷப்படுவேன்.

*

கேள்வி: எல்லாரும் அந்தக் காலம் அந்தக் காலம் என்று எழுதுவார்கள். எனக்கு எழுத ஒன்றும் இல்லை. அப்போது எனக்குப் பதினாறு. ஆறு மணிக்குப் பிறகு என்னைக் கடைக்குக்கூட விட்டதில்லை. அண்ணா மட்டும் போவார், வருவார். நான் எதை நினைத்து ஏங்குவது?
— டூட்டிங் வாசகி

பதில்: அக்கா என்று கூப்பிடலாமா, தங்கச்சி என்று கூப்பிடலாமா என்று தெரியவில்லை. உங்கள் கடிதம்தான் இந்த மாதம் வந்ததில் என்னை அதிகம் வருத்தியது.

உங்களைப் போல் வீட்டுக்குள் இருத்தப்பட்ட பிள்ளைகள் இந்த நாட்டில் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். அவர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். இரவில்தானே விட மாட்டீர்கள்? பகலில் ஆடினார்கள். ‘டேடைமர்’ என்று பெயர். எண்பதுகளின் நடுவிலிருந்து லண்டன், பிராட்போர்ட், பர்மிங்காம் என்று பல இடங்களில், வார நாளில், மத்தியானம், கிளப்களை வாடகைக்கு எடுத்து பாங்ரா என்ற பஞ்சாபி நடன இசைக் குழுக்கள் வாசித்தன. பள்ளிக்கூடச் சீருடையில் வீட்டை விட்டுக் கிளம்பி, கழிவறையில் உடுப்பு மாற்றி, நாலு மணிவரை ஆடிவிட்டு, மறுபடி சீருடையைப் போட்டுக்கொண்டு நல்ல பிள்ளையாக வீட்டுக்குத் தேநீர் நேரத்துக்குப் போய்விடுவார்கள். போனவர்கள் அதிகம் பஞ்சாபி, குஜராத்தி, பாகிஸ்தானிப் பிள்ளைகள். நம் பிள்ளைகள் குறைவு, நாம் அப்போதுதான் வந்து சூட்கேஸைத் திறந்துகொண்டிருந்தோம். அந்த மத்தியான நடனங்களைப் படம் எடுத்து வைத்தவர்கள் குறைவு. வயலில் ஆடியவர்களுக்கு நூறு ஆவணப்படம் இருக்கிறது.

பிறகு தொண்ணூறுகளின் நடுவில் தபேலாக் கலைஞர் தல்வின் சிங் ஹொக்ஸ்டன் சதுக்கத்தில் ‘அனோக்கா’ என்று திங்கட்கிழமை இரவுகளை நடத்தினார். தபேலாவும் டிரம் அண்ட் பேஸ் என்ற வேகத் தாள மின்னணு இசையும் ஒரே அறையில். உங்கள் டூட்டிங்கிலிருந்து பஸ் பிடித்தால் எட்டிவிடுகிற மிட்சம் பகுதியில் வளர்ந்த மாயா அருள்பிரகாசம் எம்.ஐ.ஏ. என்ற பெயரில் 2005இல் முதல் இசைத்தொகுப்பை வெளியிட்டபோது, அதற்குள் இந்த லண்டன் சத்தம் முழுவதும் இருந்தது. அகதியாக வந்த ஒரு தமிழ்ப் பிள்ளையின் குரலில் இருந்தது. அன்றைக்கு எனக்கு முப்பத்தொன்பது வயது. பெற்றோல் நிலையத்தை விட்டுப் பல வருடம் ஆகியிருந்தது. கார் வானொலியில் கேட்டுவிட்டு வண்டியை ஓரமாக நிறுத்தினேன்.

2020இல் இங்கே பிறந்த தெற்காசிய டிஜேக்கள் ஒரு கூட்டமைப்புத் தொடங்கியபோது அதற்கு வைத்த பெயர் ‘டேடைமர்ஸ்’. தாய்மார் ஒளித்து ஆடியதை மகள்கள் பெயராக வைத்துக்கொண்டார்கள். 2023இலிருந்து ஷெஃபீல்டில் தொடங்கி பல நகரங்களில், முப்பது வயது தாண்டியவர்களுக்கென்றே மத்தியானம் மூன்று மணிக்கு ஆரம்பித்து எட்டு மணிக்கு முடிகிற நடன நிகழ்ச்சிகள் நடக்கின்றன. பழைய ரேவுக்காரர்களுக்கு இப்போது இரவு தாங்குவதில்லை. நீங்கள் போயிருக்க வேண்டிய நேரத்துக்கே எல்லாரும் வந்து சேர்ந்திருக்கிறார்கள். ஏங்குவதற்கு ஒன்றும் இல்லை என்றீர்கள். போய் வாருங்கள். பிறகு எனக்கு எழுதுங்கள், அடுத்த தடவை உங்கள் கடிதத்தைத்தான் முதலில் போடுவேன்.

*

கேள்வி: மாமா, எனக்குப் பத்தொன்பது. என் அப்பாவின் நண்பர்கள் எல்லாரும் ‘உங்கள் தலைமுறைக்கு ஆடவே தெரியாது, போனைத் தூக்கிப் படம் எடுக்கத்தான் தெரியும்’ என்கிறார்கள். எங்களுக்கு அவர்கள் என்ன விட்டுவைத்தார்கள்?
— ஈஸ்ட் ஹாம் வாசகர்

பதில்: விட்டுவைத்தது ஒரு சட்டம், மருமகனே.

1992 மே மாதம் மால்வர்ன் குன்றுகளுக்குக் கீழே காசில்மோர்ட்டன் என்ற பொதுப் புல்வெளியில் ஒரு வாரம் இலவச ரேவ் நடந்தது. இருபதாயிரத்துக்கும் மேல் கூட்டம். அங்கே இருந்த கிராமத்து மக்கள் ஒரு வாரம் தூங்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். ரேவ் நடத்தும் ஸ்பைரல் டிரைப் குழுவைச் சேர்ந்தவர்கள் உட்பட பதின்மூன்று பேரைப் பிடித்து வழக்குப் போட்டார்கள், 1994இல் எல்லாரும் விடுதலை. ஆனால் அதே வருடம் குற்றவியல் நீதிச் சட்டம் வந்தது. இரவில், திறந்த வெளியில், நூறு பேரோ அதற்கு மேலோ கூடிச் சத்தமாக இசை போட்டால் பொலிஸ் கலைக்கலாம். 2003இல் அந்த நூறு இருபது ஆனது. இசை என்றால் என்ன என்றும் சட்டம் எழுதி வைத்திருக்கிறது: திரும்பத் திரும்ப அடுத்தடுத்து வரும் தாள அடிகள் மேலோங்கிய ஒலியும் அதில் சேரும்.

அந்த வரியை முதல் தடவை வாசித்தபோது எனக்கு அப்பா ஞாபகம் வந்தார். அப்பாவின் இளமை முழுவதும் கோயில் திருவிழாவில் கழிந்தது. இணுவில், அளவெட்டி, மாவிட்டபுரம் என்று பத்து மைல் நடந்து போய், மணலில் துண்டை விரித்து, விடிய விடிய மேளம் கேட்பார். யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி தவிலுக்கு உட்கார்ந்தால் கூட்டத்தில் ஒருவரும் எழுந்து போக மாட்டார்களாம். தெட்சணாமூர்த்தி 1975இல் காலமானார். அதோடு இரவும் முடிந்துவிட்டது என்பார் அப்பா. எழுபதுகளின் கடைசியில் எங்கள் திருவிழாக்களில் சினிமாப் பாட்டுக் கோஷ்டிகள் வந்துவிட்டன. எலெக்ட்ரிக் கிற்றார், கலர் விளக்கு, பெல்பொட்டம். நான் அதைப் பார்க்க ஓடுவேன். ‘உங்களுக்குக் கேட்கத் தெரியாது, கூச்சல் போடத்தான் தெரியும்’ என்பார். உங்கள் அப்பாவின் நண்பர்கள் சொல்கிற அதே வாக்கியம்.

அவர்கள் சொன்னது தவறு என்பதற்கு உங்கள் தெருவே சாட்சி. வயல்களை மூடியதும் இசை அடுக்குமாடிகளின் மொட்டை மாடிக்குப் போனது. கவுன்சில் குடியிருப்புகளின் உச்சியில் கள்ள வானொலி ஆண்டெனா. அங்கே ஜங்கிள் என்ற இசை வளர்ந்தது, பிறகு கராஜ், பிறகு 2000களின் தொடக்கத்தில் உங்களுக்குப் பக்கத்து ‘போ’ பகுதியில் கிரைம் (grime) என்ற ராப் இசை. ஒவ்வொரு தடவையும் முந்தியவர்கள் ‘இது இசையா’ என்று கேட்டார்கள். 1989இல் பொலிஸுக்கு ஒளித்து ஆடியவர்களில் சிலரே, 2005இல் லண்டன் பொலிஸ் ‘படிவம் 696’ என்று கொண்டுவந்து, வரப்போகும் பாடகர்களின் பெயரையும் முகவரியையும் கேட்டபோது, வாயைத் திறக்கவில்லை. கறுப்பினப் பிள்ளைகளின் இரவுகளைத்தான் அந்தப் படிவம் அதிகம் மூடியது. 2017இல்தான் எடுத்தார்கள். 2005இல் பிரிட்டனில் மூவாயிரத்துக்கு மேல் இருந்த கிளப்கள் பத்து வருடத்தில் 1,700 சொச்சம் ஆகிவிட்டன. உங்களுக்கு அந்த மிச்சம்.

போனைப் பற்றி மட்டும் கொஞ்சம் அவர்கள் பக்கம் பேசுவேன். சில கிளப்களில் வாசலிலேயே கமராவில் ஸ்டிக்கர் ஒட்டிவிடுகிறார்கள். ஒட்டச் சொல்லிக் கேட்டவர்கள் பெரும்பாலும் உங்கள் வயதுக்காரர்கள்தான் என்று என் மகள் சொன்னாள். நல்லது. யாரும் பார்க்காத ஒரு இடம் இருபது வயதில் கட்டாயம் வேண்டும். அது எங்கே என்று எனக்குச் சொல்ல வேண்டாம்.

*

கேள்வி: மகன் பதினெட்டு. சனிக்கிழமை ஏதோ கிடங்கில் பார்ட்டி என்று போகிறான். தடுத்தால் பொய் சொல்வான், விட்டால் நான் தூங்க மாட்டேன். என்ன செய்ய?
— இல்ஃபோர்ட் தாய்

பதில்: தங்கச்சி, விடுங்கள். ஆனால் போவதற்கு முன் கதவடியில் நிறுத்தி மூன்று விஷயம் சொல்லுங்கள். எக்ஸ்டசி இந்த நாட்டுச் சட்டத்தில் முதல் வகுப்புப் போதை, பையில் வைத்திருந்தாலே ஏழு வருடம்வரை சிறை இருக்கிறது. இரண்டாவது, யாராவது சூடாகி, குழம்பிப்போய், பேச்சுத் தடுமாறினால் வெளியே காற்றுக்குக் கொண்டுபோய் 999ஐக் கூப்பிட வேண்டும். பயத்தில் நண்பனைத் தனியே விட்டுவிட்டு ஓடக் கூடாது, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றவும் கூடாது. மூன்றாவதுதான் முக்கியம்: எத்தனை மணியானாலும் போன் செய், எங்கிருந்தாலும் வருகிறேன், காரில் ஒரு கேள்வியும் கேட்க மாட்டேன் என்று சொல்லுங்கள். சொன்னபடி கேட்காமலும் இருங்கள். என் மகள் இரண்டு தடவை கூப்பிட்டாள். இரண்டு தடவையும் வானொலியைப் போட்டுக்கொண்டு வந்தோம்.

*

கேள்வி: இந்த விஷயத்தில் நீங்கள் இவ்வளவு எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. ஒரு நாளாவது ஆடினீர்களா?
— இதே பத்திரிகையின் மெய்ப்புத் திருத்துநர்

பதில்: ஒரே ஒரு தடவை போனேன். 1989 ஆகஸ்ட், ஞாயிறு காலை. ஆறு மணிக்கு வேலை முடிந்து வெளியே வந்தபோது இரண்டு பெடியன்கள் பெற்றோல் போட்டுக்கொண்டிருந்தார்கள். இன்னும் நடக்கிறது, பஸ் வரும்வரை இங்கே என்ன செய்யப் போகிறாய், ஏறு என்றார்கள். ஏறிவிட்டேன். சீருடைச் சட்டை, பெயர் அட்டை, கையில் சாப்பாட்டுப் பெட்டி.

வெட்டிய கோதுமை வயல். மூலையில் ஒரு லொறி, அதன்மேல் ஒலிபெருக்கி அடுக்கு. ஆயிரம் பேர் இருக்கலாம், பாதிப் பேர் போய்விட்டார்கள் என்றார்கள். மூடுபனி இடுப்பளவு நின்றது. நான் வேலியோரமாக நின்றேன். சத்தம் காதுக்கு வருவதற்கு முன் தரை வழியாகக் காலுக்கு வந்தது. அது எனக்குத் தெரிந்த விஷயம். மணலில் படுத்துக் கேட்கும்போது தவில் அப்படித்தான் முதுகுக்கு வரும்.

யாரும் என்னைப் பார்க்கவில்லை. சாப்பாட்டுப் பெட்டியைக் கீழே வைத்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது, வெயில் ஏறிவிட்டது. ஆடினேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

அந்த வாரம் அப்பாவுக்கு எழுதிய கடிதத்தில், இந்த ஊரிலும் விடிய விடிய மேளம் இருக்கிறது, ஒரு வயலில் போய்க் கேட்டேன் என்று எழுதியிருந்தேன். இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. வீட்டு நிலைமை, தங்கைகளின் படிப்பு, காசு கிடைத்த விவரம் எல்லாம் எழுதிவிட்டு, கடைசியில் கேட்டிருந்தார்: தவில் யார்?